துக்கம் வேறு, தண்டனை வேறு

(சர்வதேசக் கைம்பெண்கள் நாளையொட்டி ஒரு மகளிர் கல்லூரியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஜூன் 23ஆம் நாளைக் கைம்பெண்களுக்கான சர்வதேச நாளாக ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010 டிசம்பரில் ஏற்றுக்கொண்டது. உலகில் கணவரை இழந்த பெண்கள் ஏறத்தாழ 25.8 கோடிப் பேர் என்பது ஐ.நா. தரும் மதிப்பீடு. இந்தியாவில் மட்டும், 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சுமார் 4.3 கோடிப் பேர். அதே கணக்கெடுப்பில் மனைவியை இழந்தவர்களாகப் பதிவான ஆண்கள் சுமார் 1.2 கோடிதான். பெண்ணைவிட வயதில் மூத்தவனுக்குக் கட்டிக்கொடுக்கும் வழக்கம் இதற்கு ஒரு காரணம். மனைவியை இழந்த ஆண் மீண்டும் மணந்துகொண்டு அந்தக் கணக்கிலிருந்தே வெளியேறிவிடுகிறான் என்பது இன்னொரு காரணம். பெண் பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே தங்கிவிடுகிறாள்.

இன்று உங்கள் முன் ஒரே ஒரு கேள்வியை வைக்க விரும்புகிறேன். சாவு எல்லா ஊரிலும் ஒன்றுதான். துணையை இழந்தவரின் நெஞ்சு எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் வலிக்கும். அப்படியிருக்க, கணவர் இறந்த பிறகு ஒரு பெண்ணுக்கு நடப்பது மட்டும் ஏன் நாட்டுக்கு நாடு, சாதிக்குச் சாதி, வீட்டுக்கு வீடு மாறுகிறது? ஓரிடத்தில் வெள்ளைப் புடவை, ஓரிடத்தில் கறுப்பு உடை. ஓரிடத்தில் மொட்டை, ஓரிடத்தில் முக்காடு. ஓரிடத்தில் மறுமணமே கூடாது என்கிறார்கள், ஓரிடத்தில் இறந்தவரின் தம்பியை மணந்தே ஆக வேண்டும் என்கிறார்கள். இவையெல்லாம் துக்கத்திலிருந்து பிறந்தவை என்றால் இத்தனை வேறுபாடு இருக்க வழியில்லை. துக்கம் இயற்கை தருவது. மற்றவை மனிதர்கள் தருபவை. அவர்கள் எதற்காகத் தருகிறார்கள் என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

நம் மொழியிலிருந்தே தொடங்குகிறேன். புறநானூற்றின் 246ஆம் பாட்டு பூதப்பாண்டியனின் தேவி பெருங்கோப்பெண்டு பாடியது. கணவனோடு தீயில் இறங்கப் போகும் அரசியைச் சான்றோர் தடுக்கிறார்கள். அவள் அவர்களுக்கு மறுமொழி சொல்கிறாள். அந்த மறுமொழியில் கைம்மை வாழ்க்கையின் அன்றாடம் முழுவதும் வந்துவிடுகிறது: நெய் படாத உணவு, கையால் பிழிந்தெடுத்த சோறு, வேகவைத்த வேளைக்கீரை, பாய் இல்லாமல் பரற்கல் மேல் படுக்கை. அந்த வாழ்க்கையைக் காட்டிலும் ஈமத்தீ எனக்குத் தாமரைக் குளம்போலத்தான் என்கிறாள். இந்தப் பாட்டைக் கற்பின் பெருமை என்று படித்தவர்கள் உண்டு. அதை ஒரு பெண்ணின் வாக்குமூலமாகப் படிக்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஓர் அரசிக்கே தீயா, பட்டினியா என்ற இரண்டு வழிகள்தான் இருந்தன. மூன்றாவது வழி ஒன்றை அவளைத் தடுத்த சான்றோர்கூடக் காட்டவில்லை. அவளுடைய உணவையும் படுக்கையையும் ஊர் ஏன் தீர்மானித்தது என்று நாம் கேட்பதற்கு இரண்டாயிரம் ஆண்டு பிடித்திருக்கிறது.

வங்காளத்துக்குப் போவோம். 1829 டிசம்பர் 4 அன்று வில்லியம் பெண்டிங்க் பிரபு உடன்கட்டை ஏறுதலைத் தடை செய்தார். அதற்காக ராஜா ராம்மோகன் ராய் பல ஆண்டுகள் எழுதியும் வாதிட்டும் போராடியிருந்தார். அந்தக் கொடுமை வங்காளத்தில் ஏன் அவ்வளவு மிகுந்திருந்தது? வரலாற்றாசிரியர்கள் பலர் சுட்டும் காரணங்களில் ஒன்று சொத்துரிமை. வங்காளத்தில் நிலவிய தாயபாக முறைப்படி, மகன் இல்லாத கைம்பெண் கணவனின் பங்கைத் தன் ஆயுள்காலம் வரை அனுபவிக்கலாம். அவள் உயிரோடிருக்கும் வரை அந்த நிலம் மற்றவர்கள் கைக்குப் போகாது. சிதையைச் சுற்றி நின்றவர்களில் யார் யாருக்கு அந்தப் பங்கின் மேல் கண் இருந்தது என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

அடுத்து ஈஸ்வர சந்திர வித்யாசாகர் வந்தார். சாத்திரங்களைக் கொண்டே சாத்திரிகளோடு வாதிட்டார். அவரது முயற்சியால் 1856இல் இந்து விதவைகள் மறுமணச் சட்டம் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் கல்கத்தாவில் அந்தச் சட்டப்படி முதல் திருமணம் நடந்தது. 1870இல் வித்யாசாகரின் மகனே ஒரு கைம்பெண்ணை மணந்தார். பெரும் சாதனைதான். ஆனால் அந்தச் சட்டத்தின் இரண்டாவது பிரிவையும் நாம் படிக்க வேண்டும். மறுமணம் செய்துகொள்ளும் பெண், முதல் கணவரின் சொத்தில் தனக்குள்ள உரிமையை இழப்பாள் என்றது அது. அவள் செத்துப் போனதாகவே கருதி அந்தச் சொத்து அடுத்த வாரிசுக்குப் போகும். காலங்காலமாகத் தடையில்லாமல் மறுமணம் செய்துவந்த சாதிகளின் பெண்கள்கூட, பல நீதிமன்றங்களில் இந்தப் பிரிவைக் காட்டிச் சொத்திலிருந்து விலக்கப்பட்டார்கள். வாழ்க்கை வேண்டுமா, வயல் வேண்டுமா என்று கேட்டது அந்தச் சட்டம்.

இப்போது சீனாவைப் பாருங்கள். மிங் அரச மரபு 1368இல் ஓர் ஆணை பிறப்பித்தது. முப்பது வயதுக்குள் கணவனை இழந்து, ஐம்பது வயதைத் தாண்டியும் மறுமணம் செய்யாமலிருக்கும் பெண்ணை அரசு சிறப்பிக்கும். அவள் குடும்பத்துக்குக் கட்டாய உழைப்பிலிருந்து விலக்கு உண்டு. அன்ஹுய் மாநிலத்தின் ஷெசியன் வட்டாரத்தில் இப்படிப்பட்ட பெண்களுக்காக எழுப்பிய கல் தோரணவாயில்கள் இன்றும் நிற்கின்றன. ஒரு பக்கம் இந்தச் சிறப்பு. இன்னொரு பக்கம், மறுமணம் செய்யும் பெண் கணவனின் சொத்தையும் தான் கொண்டுவந்த சீதனத்தையும் விட்டுவிட வேண்டும் என்றது அந்நாட்டுச் சட்டம். விளைவு என்ன? அரசு கல்லில் தோரணம் கட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், பங்கு கைக்கு வர வேண்டும் என்பதற்காகக் கைம்பெண்ணை வற்புறுத்தி வேறொருவனுக்குக் கட்டிக்கொடுத்த புகுந்த வீடுகளும் இருந்தன.

இந்த இடத்தில் சற்று நிற்போம். ஓர் ஊரில் அவள் மணந்தால் பாவம், இன்னோர் ஊரில் மணக்காவிட்டால் விடமாட்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இவை இரண்டும் எதிரெதிர். அவளுடைய நிலம் யார் கைக்குப் போகிறது என்று பார்த்தால் இரண்டும் ஒன்று. ஆகவே கைம்பெண்ணின் மேல் ஒரு கடுமையான வழக்கம் திணிக்கப்படும்போதெல்லாம், அந்த வழக்கத்தால் யாருக்கு ஆதாயம் என்று கேளுங்கள். புனிதத்தின் பெயரால் பேசுகிறவர்களில் பலர் பத்திரத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பது விளங்கும்.

ஆப்பிரிக்காவிலும் இதே கதைதான். நைஜீரியாவின் இக்போ மக்களிடையே, கணவன் இறந்ததும் மனைவியின் தலையை மழிப்பதும், அவளைத் தரையில் உட்கார வைப்பதும், மாதக் கணக்கில் வெளியே போகவிடாமல் அடைத்து வைப்பதும் பல இடங்களில் வழக்கமாக இருந்தன. கணவனின் சாவில் உனக்குப் பங்கில்லை என்று மெய்ப்பிக்க, பிணத்தைக் கழுவிய நீரைக் குடிக்கச் சொன்ன ஊர்களும் உண்டு. சற்று எண்ணிப் பாருங்கள். வாழ்க்கையிலேயே மிகப் பெரிய இழப்பைச் சந்தித்த அன்று, அவள் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறாள். அழ வேண்டியவள் தன் வழக்குக்குத் தானே வாதாடிக்கொண்டிருக்கிறாள். அந்த வட்டாரத்தின் எனுகு மாநிலம் 2001இல் இத்தகைய கொடுமைகளைத் தடுக்கச் சட்டம் செய்தது. 2014இல் நைஜீரிய உச்ச நீதிமன்றம் இன்னொரு பெரிய கதவைத் திறந்தது. ஆவ்கா நகரைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்குப் பெண் குழந்தைகள் மட்டுமே இருந்தன. ஆண் வாரிசு இல்லை என்று சொல்லிக் கணவரின் வீட்டிலிருந்து அவரை வெளியேற்றப் பார்த்தார்கள். அந்த வழக்கம் இயற்கை நீதிக்கு முரணானது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கென்யாவின் லுவோ மக்களிடம் இறந்தவரின் சகோதரனோ உறவினனோ கைம்பெண்ணை ஏற்றுக்கொள்ளும் வழக்கம் உண்டு. அதைத் தேரோ என்பார்கள். அதன் தொடக்கத்தில் பரிவும் இருந்திருக்கிறது. அவளும் பிள்ளைகளும் நடுத்தெருவில் நிற்கக் கூடாது, குலத்தின் நிலத்திலேயே இருக்க வேண்டும் என்ற எண்ணம் அது. யூத மறைநூலிலும் இதுபோன்ற முறை இருக்கிறது. ஆனால் எய்ட்ஸ் நோய் பரவிய காலத்தில், தேரோவே நோயைக் கடத்தும் வழியாகிப் பல உயிர்களை வாங்கியது. அவளுடைய சம்மதத்தைக் கேட்காத பாதுகாப்பு என்றைக்காவது அவளையே பலி கேட்கும்.

வழக்கங்கள் எல்லாமே கெட்டவை என்று நான் சொல்ல வரவில்லை. துக்கத்துக்குக் கரை கட்டித் தரும் வழக்கங்களும் இருக்கின்றன. இஸ்லாத்தில் கணவரை இழந்த பெண் காத்திருக்க வேண்டிய இத்தா காலம் நான்கு மாதமும் பத்து நாளும். அதற்கு ஒரு தொடக்கம் உண்டு, ஒரு முடிவும் உண்டு. முடிந்த பிறகு அவள் விரும்பினால் மறுமணம் செய்துகொள்ளலாம். கணவரின் சொத்தில் பிள்ளைகள் இருந்தால் எட்டில் ஒரு பங்கு, இல்லையென்றால் நான்கில் ஒரு பங்கு மனைவிக்கு உண்டு என்று குர்ஆன் விதிக்கிறது. நபிகள் நாயகத்தின் முதல் மனைவி கதீஜா அவர்களே கணவரை இழந்தவர்தான்.

நம் ஊர் ஒப்பாரியையும் இங்கே நினைக்க வேண்டும். மாரடித்து அழும் பெண்கள் இறந்தவரின் பெருமையை மட்டும் பாடவில்லை. கொழுந்தன் செய்த வஞ்சம், மாமியார் சொன்ன சொல், கணவன் குடித்துத் தீர்த்த காசு, எல்லாவற்றையும் ஊர் கேட்கப் பாடினார்கள். வேறெங்கும் வாய் திறக்க முடியாத பெண், சாவு வீட்டில் மட்டும் எதையும் சொல்லலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். சுற்றி உட்கார்ந்த பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஒலிபெருக்கியும் வாடகைப் பாட்டும் வந்த பிறகு அந்தப் பேச்சுரிமை அவளிடமிருந்து போய்க்கொண்டிருக்கிறது. நாம் விட வேண்டிய சடங்குகள் பல. இது விடக்கூடாத ஒன்று.

ஐரோப்பாவைப் பார்ப்போம். விக்டோரியா மகாராணி 1861 டிசம்பரில் கணவர் ஆல்பர்ட்டை இழந்தபோது அவருக்கு வயது 42. 1901இல் இறக்கும் வரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கறுப்பையே உடுத்தினார். அவர் காலத்து இங்கிலாந்தில் கைம்பெண்ணின் உடைக்குக் கண்டிப்பான ஒழுங்கு இருந்தது. முதல் ஓராண்டுக்கு மேல் முழுக் கறுப்பு, பளபளப்பில்லாத கிரேப் துணி. இரண்டாண்டு கழித்துச் சாம்பல் நிறமும் வெளிர் ஊதாவும். இத்தகைய உடைகளை விற்பதற்கென்றே லண்டன் ரீஜன்ட் தெருவில் பெரிய கடை இருந்தது. மனைவியை இழந்த ஆணுக்கோ சில மாதங்கள் போதும். ஆனாலும் அங்கே ஒரு கணக்கு இருந்தது. இத்தனை காலம், பிறகு நிறம் திரும்பலாம். இங்கே நம் பாட்டிமாருக்கு அந்தக் கணக்கு ஒருநாளும் முடியவில்லை.

இன்றைய மேற்கு நாடுகளில் கறுப்பு உடையும் இல்லை, கட்டுப்பாடும் இல்லை. அங்கே வேறொரு வலி வந்திருக்கிறது. ஈமச் சடங்கு முடிந்த சில நாளில் வேலைக்குத் திரும்ப வேண்டும். தம்பதிகளாக விருந்துக்கு அழைத்த நண்பர்கள் தனியாளை அழைப்பதில்லை. சங்கடமாக இருக்குமே என்று இறந்தவரின் பெயரை யாரும் உச்சரிப்பதில்லை. 1959இல் லண்டன் அருகே ரிச்மண்டில் மார்கரெட் டோரி என்ற சமூகப் பணியாளர், கைம்பெண்களும் அவர்களின் குழந்தைகளும் கூடிப் பேசுவதற்காக க்ரூஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். 1960களின் இறுதியில் பாஸ்டனில் ஃபிலிஸ் சில்வர்மன் ஒரு திட்டம் வகுத்தார். கணவரை இழந்து சில ஆண்டுகளைக் கடந்த பெண்கள், அண்மையில் இழந்த பெண்களின் வீடு தேடிப் போவார்கள். மருத்துவர்களோ மனநல வல்லுநர்களோ சொல்ல முடியாத ஒன்றை அவர்களால் சொல்ல முடிந்தது: எனக்கும் இப்படித்தான் இருந்தது, நான் இன்று உன் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன் பார்.

துயரம் உடலையும் விடுவதில்லை. 1969இல் பிரிட்டனில் காலின் மரே பார்க்ஸும் அவரது குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனைவியை இழந்த, 55 வயதுக்கு மேற்பட்ட 4,486 ஆண்களைத் தொடர்ந்து கவனித்திருந்தார்கள். முதல் ஆறு மாதத்தில் அவர்களின் இறப்பு விகிதம், அதே வயதில் மனைவியோடு வாழும் ஆண்களைவிட 40 விழுக்காடு கூடுதல். கைம்பெண்களைப் பற்றிப் பேசும்போது ஆண்களின் கணக்கை ஏன் சொல்கிறேன்? உணவைக் குறைக்காமல், உடையை மாற்றாமல், யாரும் அபசகுனம் என்று சொல்லாமல் இருக்கும்போதே துயரம் இந்த அளவுக்கு ஆளைக் கொல்கிறது. அந்த நிலையில் இருக்கும் ஒருத்தியின் பூவைப் பறித்து, வளையலை உடைத்து, மூலையில் உட்கார வைத்தால் அவள் என்ன ஆவாள்?

அந்த நெஞ்சுக்குள் என்னென்ன நடக்கிறது என்பதையும் சற்றே பேசுவோம். வெளியார் கண்ணீரை மட்டும் எதிர்பார்க்கிறார்கள். உள்ளே கண்ணீர் மட்டும் இருப்பதில்லை. இப்படி விட்டுவிட்டுப் போய்விட்டாரே என்ற கோபம் இருக்கும். இன்னும் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கலாமோ என்ற குற்ற உணர்வு இருக்கும். அடித்தும் குடித்தும் வாட்டிய கணவனாக இருந்தால், இனிமேல் அடி விழாது என்ற நிம்மதி இருக்கும், அந்த நிம்மதியை நினைத்து வெட்கமும் இருக்கும். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், அடுத்த மாத வாடகை, கணவர் யாரிடம் எவ்வளவு கடன் வாங்கினார் என்று தெரியாத பயம் இருக்கும். இரவில் ஒரு தோள் இல்லையே என்ற ஏக்கம் இருக்கும், அதை யாரிடமும் சொல்ல முடியாது. இவை எல்லாமே மனித இயல்பு. இவற்றில் எதற்காகவும் ஒரு பெண் தலைகுனிய வேண்டியதில்லை.

கணவர் இறந்தாரா இல்லையா என்றே தெரியாத பெண்களும் இருக்கிறார்கள். காஷ்மீரில் அவர்களை அரை விதவைகள் என்கிறார்கள். கணவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அவர் திரும்பி வரவில்லை. மறுமணம் செய்யலாமா, சொத்தைக் கோரலாமா என்று பல ஆண்டுகள் விடை கிடைக்காமல் இருந்தவர்களுக்கு, நான்கு ஆண்டு காத்திருந்த பிறகு மறுமணம் செய்யலாம் என்று அங்குள்ள மார்க்க அறிஞர்கள் 2013 டிசம்பரில் கூடி அறிவித்தார்கள். சிலி நாட்டில் சர்வாதிகாரி பினோசெத் காலத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவியரும் தாய்மாரும் 1978இல் மேடையேறினார்கள். ஆணும் பெண்ணும் இணைந்து ஆடும் குவேக்கா என்ற நாட்டு நடனத்தைத் துணையில்லாமல் தனியே ஆடினார்கள். பக்கத்தில் காலியாக இருந்த இடம் ஓர் அரசின் மேல் வைத்த குற்றச்சாட்டு ஆனது.

நம் இனத்துக்கு இது அயலார் கதையில்லை. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் போர் முடிந்தபோது கணவரை இழந்த பெண்கள் சுமார் 90 ஆயிரம் பேர் என்று கணக்கிடப்பட்டது. அவர்களுக்கு அப்பால், கணவர் எங்கே என்று தெரியாதவர்கள் இருந்தார்கள். மரணச் சான்றிதழ் வாங்கினால் இழப்பீடு கிடைக்கும் என்றார்கள் அதிகாரிகள். வாங்கினால் அவர் இறந்துவிட்டதாக நானே ஒப்புக்கொண்டதாகும், பிறகு யாரைத் தேடுவது என்றார்கள் அந்தப் பெண்கள். நெற்றியில் பொட்டோடு நிற்பது அங்கே நம்பிக்கையின் அறிவிப்பாக இருந்தது. 2016இல் காணாமல் போனமைக்கான சான்றிதழ் வழங்கச் சட்டம் வந்தது. ஆனாலும் கேள்வி தீரவில்லை. 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் அவர்கள் சாலையோரம் பந்தலிட்டு உட்கார்ந்தார்கள், அந்தப் போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. யாழ்ப்பாணத்தின் தேசவழமைச் சட்டப்படி மனைவி தன் பெயரிலுள்ள காணியை விற்கவும் கணவரின் சம்மதம் வேண்டும். கணவர் இல்லை, இறந்ததாகவும் பதிவில்லை, கையெழுத்துக்கு எங்கே போவாள்? துயரத்துக்கு ஒரு முடிவு கிடைப்பதே ஒரு கொடுப்பினை என்று அந்தப் பெண்களிடமிருந்து அறிகிறோம்.

மாற்றம் எங்கிருந்து வந்தது? சீர்திருத்தம் பேசிய பெரியவர்களை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். ஹிந்து இதழை நிறுவியவர்களில் ஒருவரும் சுதேசமித்திரனை நிறுவியவருமான ஜி. சுப்பிரமணிய ஐயர், சிறு வயதில் கணவனை இழந்த தம் மகளுக்கு 1889இல் மறுமணம் செய்துவைத்தார், அதற்காகச் சாதியார் ஒதுக்கியதைத் தாங்கிக்கொண்டார். தந்தை பெரியார் பொதுவாழ்வுக்கு வருவதற்கு முன்பே, சிறு வயதில் கணவனை இழந்த தம் தங்கை மகளுக்கு வீட்டாரின் எதிர்ப்பை மீறி மறுமணம் நடத்தினார். 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு மறுமணத்தையும் பெண்ணின் சொத்துரிமையையும் ஒரே மேடையில் வைத்துத் தீர்மானம் போட்டது. இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று நிற்காது என்பதை அந்த மாநாடு அறிந்திருந்தது.

ஆனாலும் மிகப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தவர்கள் கணவரை இழந்த பெண்களே. பண்டித ரமாபாய் கைக்குழந்தையோடு கணவரை இழந்தவர். 1889இல் பம்பாயில் கைம்பெண்களுக்காகச் சாரதா சதன் என்ற இல்லத்தைத் தொடங்கினார். நம் சென்னையில் சகோதரி சுப்பலட்சுமி பதினோரு வயதை ஒட்டித் திருமணமாகி, வாழத் தொடங்கும் முன்பே கணவனை இழந்த சிறுமி. அவருடைய தந்தை தலையை மழிக்கவிடாமல் பள்ளிக்கு அனுப்பினார். 1911இல் சுப்பலட்சுமி மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். தம்மைப் போன்ற சிறுமிகளைத் திரட்டி இல்லம் அமைத்தார். மெரினா கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று நாம் வணங்கிச் செல்லும் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் அந்தச் சிறுமிகள் தங்கிப் படித்தார்கள். அந்த இல்லம் பிராமணப் பெண்களுக்கு மட்டுமே இருந்தது என்பது அதன் குறை. வீட்டின் பின்கட்டில் முடங்கியிருக்க வேண்டிய குழந்தைகள் ஆசிரியைகளாகி மாகாணமெங்கும் பள்ளிகளுக்குப் போனார்கள் என்பது அதன் பெருமை. எங்கள் தலைமுறைப் பெண்கள் பலருக்கு எழுத்தறிவித்த கைகளுக்குப் பின்னால் அந்த மாணவியர் இருந்தார்கள்.

ருவாண்டாவில் 1994இல் நடந்த இனப்படுகொலையில் நூறு நாள்களில் சுமார் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். மறு ஆண்டின் தொடக்கத்தில் ஐம்பது கைம்பெண்கள் கூடி அவேகா என்ற சங்கத்தை உருவாக்கினார்கள். வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்கு மருந்து, அனாதைகளுக்கு வீடு, சாட்சி சொல்லப் போகிறவர்களுக்குத் துணை என்று தொடங்கி, மகளும் மனைவியும் சொத்துரிமை பெற வேண்டும் என்ற போராட்டத்திலும் நின்றார்கள். 1999இல் அந்தச் சட்டம் வந்தது. குவாத்தமாலாவில் உள்நாட்டுப் போரில் கணவர்களை இழந்த மாயா இனப் பெண்கள் 1988இல் கோனாவிகுவா என்ற அமைப்பைக் கட்டினார்கள், மறைத்துப் புதைத்த உடல்களைத் தோண்டியெடுக்கச் சொல்லிப் போராடினார்கள். நேபாளத்தில் லிலி தாபா 1994இல் தொடங்கிய அமைப்பு, கைம்பெண்கள் சிவப்பு உடுத்தலாம் என்று ஊர் ஊராகச் சொன்னது. 2009இல் நேபாள அரசு, கைம்பெண்ணை மணப்பவருக்கு 50,000 ரூபாய் தருவதாக வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தபோது அந்தப் பெண்களே தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். பணத்தைக் கணவனாக வருகிறவனிடம் ஏன் கொடுக்கிறீர்கள், எங்களுக்குக் கல்வி கொடுங்கள், தொழில் கொடுங்கள் என்பது அவர்கள் வாதம். உதவி என்ற பெயரில் வருவதையும் எடைபோட்டுப் பார்த்த அந்தத் தெளிவுக்கு நான் தலை வணங்குகிறேன்.

இனி, நம் வீட்டுக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் 1975இல் தொடங்கியது. 2023இல் அது மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. மறுமணத்துக்கு டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரால் நிதியுதவி இருக்கிறது. ஆனால் அதே 2023இல், ஈரோடு மாவட்டத்தில் கணவரை இழந்த ஒரு பெண்ணைக் கோயிலுக்குள் விட மறுத்தார்கள், அவர் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. பெண்ணுக்குத் தனக்கென்று ஓர் அடையாளம் உண்டு, திருமண நிலையைக் கொண்டு அதைக் குறைக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. மகாராட்டிரத்தின் கோலாப்பூர் மாவட்டத்தில் ஹெர்வாட் என்ற கிராமம், வளையல் உடைத்தல், குங்குமம் அழித்தல், தாலி அகற்றுதல் ஆகியவற்றைக் கைவிடுவதாக 2022 மே மாதம் கிராம சபையில் தீர்மானம் போட்டது. மற்ற ஊர்களும் அதைப் பின்பற்றலாம் என்று மாநில அரசே சுற்றறிக்கை அனுப்பியது. ஒரு கிராம சபையால் முடிந்தது நம் கிராம சபைகளால் முடியாதா?

இந்த அரங்கை விட்டுப் போவதற்கு முன் உங்களிடம் மூன்று கேட்கிறேன்.

முதலாவது, காகிதம். கணவர் இறந்தால் மனைவி, மகன், மகள், கணவரின் தாய் ஆகியோர் சம பங்குடைய முதல்நிலை வாரிசுகள் என்கிறது 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் விடுதலைப் பத்திரத்தை நீட்டும் வீடுகள் இருக்கின்றன. அண்ணன் பார்த்துக்கொள்வான், மகன் பார்த்துக்கொள்வான், நீ கையெழுத்துப் போடு என்பார்கள். துக்க நாள்களில் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று உங்கள் அம்மாவிடமும் அக்காவிடமும் சித்தியிடமும் இன்றே சொல்லுங்கள். மறுமணம் செய்தால் சொத்து போய்விடும் என்று யாராவது மிரட்டினால், அப்படிச் சொன்ன 1856ஆம் ஆண்டுச் சட்டம் 1983இலேயே நீக்கப்பட்டுவிட்டது என்று எடுத்துச் சொல்லுங்கள். வாரிசுச் சான்றிதழுக்கும் பட்டா மாற்றத்துக்கும் தாலுகா அலுவலகம் போகும்போது கூடப் போங்கள்.

இரண்டாவது, கூட்டு. சாவு வீட்டுக்கு முதல் மூன்று நாள் எல்லோரும் வருகிறார்கள். பதினாறு முடிந்தால் வாசல் வெறிச்சோடிவிடுகிறது. அந்தப் பதினேழாம் நாள் போங்கள். மூன்றாம் மாதம் போங்கள். ஆறுதல் சொல்லத் தெரியவில்லை என்று தயங்க வேண்டாம். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். அவள் கோபப்பட்டால் கேளுங்கள், சிரித்தால் அதற்குள் சிரிக்கிறாளே என்று சொல்லாதீர்கள்.

மூன்றாவது, மரியாதை. உங்களில் பலருக்கு நாளை திருமணம் நடக்கும். கணவரை இழந்த தாயோ அத்தையோ பெரியம்மாவோ உங்கள் குடும்பத்தில் இருப்பார்கள். வயல் வேலை பார்த்தோ, தையல் தைத்தோ, சத்துணவுக் கூடத்தில் சமைத்தோ உங்களை வளர்த்த தாய், மணமேடைக்குக் கீழே தூணோரம் நிற்பதை நாம் எத்தனை கல்யாணத்தில் பார்த்திருக்கிறோம்! யாரும் அவளைப் போகச் சொல்வதில்லை, அவளாகவே ஒதுங்கிக்கொள்கிறாள். பழக்கம் அவளை அந்த அளவுக்குப் பழக்கிவைத்திருக்கிறது. ஆகவே அவளாக வருவாள் என்று காத்திருக்க முடியாது. தாலியைத் தொட்டு எடுத்துத் தரவும், ஆரத்தி எடுக்கவும், முதல் அட்சதை போடவும் அவளைத்தான் அழைப்பேன் என்று பெண் பார்க்கும் பேச்சு நடக்கும்போதே சொல்லிவிடுங்கள். அதற்கு ஒப்பாத குடும்பம், நாளை உங்களுக்கு ஒன்று நேர்ந்தால் உங்களை எப்படி நடத்தும் என்பதை அன்றே தெரிந்துகொள்வீர்கள்.

கணவரை இழந்த பெண் எவ்வளவு நாள் அழ வேண்டும், எப்போது சிரிக்க வேண்டும், எந்த நிறம் உடுத்த வேண்டும், மறுபடி மணக்க வேண்டுமா தனியே வாழ வேண்டுமா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவள் அவள் ஒருத்திதான். அவளுக்குச் சேர வேண்டிய நிலமும் வீடும் அவள் பெயரில் இருந்தால், அந்தத் தீர்மானத்தை எடுக்கும் துணிவு அவளுக்கு வரும். பக்கத்தில் நான்கு பேர் இருந்தால் அதில் நிலைத்து நிற்கும் வலு வரும். துக்கத்தை நம்மால் தடுக்க முடியாது, அது எல்லா வீட்டுக் கதவையும் ஒருநாள் தட்டும். தண்டனையைத் தடுக்க முடியும். அதைக் கொடுத்துவந்தவர்கள் நாம்தான், ஆகவே நிறுத்த வேண்டியவர்களும் நாம்தான்.